அது எங்க ஆத்தா தையல்!

"நீங்க என்ன வேலை பார்க்கிறீங்க?" என்று யாராவது கேட்டால், பல வருடம் எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வந்ததில்லை. டெய்லர் என்று சொன்னால் ஜாக்கெட் துணியை நீட்டுவார்கள். போர்வை தைக்கிறேன் என்றால், "கடையிலேயே 300 ரூபாய்க்குக் கிடைக்குதே!" என்பார்கள். உண்மையில் என் வேலை, மற்றவர்கள் தொடங்கி வைத்ததை முடித்துக் கொடுப்பது.

எங்கள் ஊர் பள்ளத்தூர். காரைக்குடியில் பஸ் ஏறினால், கோட்டையூர் தாண்டி அரை மணி நேரத்தில் வந்துவிடலாம். மனோரமா வளர்ந்த ஊர் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். நாடகத்தில் நடித்த காலத்தில் அவருக்கு 'பள்ளத்தூர் பாப்பா' என்றுதான் பெயர். தெருவுக்குத் தெரு பெரிய பெரிய செட்டிநாட்டு வீடுகள். பாதி வீடுகள் பூட்டியே கிடக்கும். கல்யாணம், சாந்தி, பிள்ளையார் நோன்பு என்று ஏதாவது வந்தால்தான் கதவு திறக்கும், விளக்கு எரியும்.

அந்த வீடுகள் திறக்கும்போதெல்லாம் எனக்கு வேலை வரும். காரணம், பெட்டிகள்.

என் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாப் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்தார். ரெடிமேட் வந்த பிறகு சட்டை தைக்க ஆள் வருவது குறைந்தது. நான் வீட்டிலிருந்தே சேலைக்கு ஃபால்ஸ் வைப்பது, ஓரம் அடிப்பது, முந்தியில் குஞ்சம் கட்டுவது என்று செய்துகொண்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் அதுவும் முடித்துக் கொடுக்கிற வேலைதான். நெய்தவர் ஒருவர், கட்டப்போகிறவர் ஒருவர், நடுவில் ஓரத்தை மடித்துத் தைக்கிற நான். ஃபால்ஸ் நன்றாக இருந்தால் யாருக்கும் கண்ணில் படாது. தப்பாக இருந்தால்தான் தெரியும்.

2011 என்று நினைக்கிறேன். பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் பாகம் பிரித்தார்கள். அந்த வீட்டு ஆச்சி என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். இரண்டாம் கட்டில் ஒரு தேக்குப் பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே முழுக்கக் கண்டாங்கிச் சேலைகள். அவருடைய மாமியார் கட்டியவை.

கண்டாங்கியை இன்றைக்குக் கடைகளில் பார்ப்பவர்களுக்கு அந்தக் காலத்துக் கண்டாங்கி எப்படி இருக்கும் என்று தெரியாது. கனமான பருத்தி நூல். அரக்கு, கடுகு மஞ்சள், கறுப்பு என்று அடிக்கிற நிறங்கள். பெரிய பெரிய கட்டம், கை அகலத்துக்குக் கரை. வாங்கிய புதிதில் ஜமக்காளம் மாதிரி விறைப்பாக நிற்கும். நூறு தடவை துவைத்த பிறகுதான் அந்தச் சேலை பழகும். 30 வருடம் கட்டிய கண்டாங்கியைத் தொட்டுப் பார்த்தால் பிள்ளையின் கன்னம் மாதிரி இருக்கும். 2019-ல் இந்தச் சேலைக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். இப்போது புதுச் சேலைக்கு நல்ல கிராக்கி. பழசுதான் பாவம், பெட்டியிலேயே கிடக்கிறது.

"கட்டவும் முடியலை, தூக்கிப் போடவும் மனசு வரலை. பேரப் பிள்ளைங்க ஆறு பேரு. ஆளுக்கொரு போர்வையாத் தைச்சுக் குடுத்துரு" என்றார் ஆச்சி.

பழஞ்சேலைகளை அடுக்கி நூலோட்டம் போட்டுப் பிள்ளைக்கு விரிப்பது எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. என் அம்மாவும் எனக்குத் தைத்திருக்கிறார், நான் என் மகளுக்குத் தைத்திருக்கிறேன். அதையே பெரிதாகச் செய்ய வேண்டும், அவ்வளவுதானே என்று ஒப்புக்கொண்டேன்.

அவ்வளவுதான் இல்லை என்பது தைக்க உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. மூன்று அடுக்கு. மேலே துண்டு துண்டாக இணைத்த கண்டாங்கி. கீழே ஒரே துணியாக மெல்லிய சேலை. நம் ஊர் வெயிலுக்குப் பஞ்சு வைக்க முடியாது என்பதால் நடுவில் பழைய வேட்டி. மூன்றும் ஒன்றையொன்று விட்டு நகராமல் முதலில் பெரிய பெரிய ஓட்டமாகப் போட்டுக்கொள்ள வேண்டும். பிறகு நெருக்கமாகத் தைக்க வேண்டும். மிஷினில் ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன். தையல் மிஷினின் கைக்கும் ஊசிக்கும் நடுவில் ஒரு சாண் இடம்கூட இருக்காது. அதற்குள் 60 அங்குல அகலப் போர்வையைச் சுருட்டித் திணித்தால் அடித்துணி ஒரு பக்கம் இழுக்கிறது, மேல்துணி ஒரு பக்கம் சுருங்குகிறது. இரண்டு நாள் போராடிவிட்டு எல்லாவற்றையும் பிரித்தேன். கையாலேயே தைத்தேன்.

ஒரு நாள் சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். 60 அங்குல அகலம், 90 அங்குல நீளம். ஓர் அங்குலத்துக்கு ஒரு வரிசை என்றால் 59 வரிசை. ஓர் அங்குலத்துக்கு 6 தையல். மொத்தம் 31,860 தையல்! தினமும் நாலு மணி நேரம் உட்கார்ந்தால் 12 நாள் ஆகும். கண்டாங்கியில் ஒரு வசதி, கட்டமே ஸ்கேல் மாதிரி. கோடு போட வேண்டாம், கட்டத்தைப் பார்த்துக்கொண்டே ஊசியை ஓட்டலாம்.

ஆறு போர்வைகளும் ஆறு ஊருக்குப் போயின. அவற்றைப் பார்த்தவர்கள் கேட்டு வந்தார்கள். சிலர் சேலையாகவே கொண்டுவந்தார்கள். சிலர், அம்மாவோ அத்தையோ பாதி தைத்து வைத்துவிட்டுப் போனதைக் கொண்டுவந்தார்கள். ஓய்வுபெற்ற டீச்சர்கள் மேல்பக்கத்தை ஆசையாக இணைத்துவிட்டு, "மிச்சத்துக்கு உடம்பு ஒத்துழைக்கலை, முடிச்சுக் குடுங்க" என்று கொண்டுவந்தார்கள். இப்படித்தான் நான் 'முடித்துக் கொடுக்கிறவள்' ஆனேன்.

இந்தத் தொழிலில் எனக்கு நல்ல பெயர் உண்டு. ஆனால் நான் செய்த ஒரு தப்பையும் சொல்லியாக வேண்டும்.

2016-ல் ஓர் அம்மா ஒரு பையோடு வந்தார். அவருடைய தாயார் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. பையில் அந்தத் தாயார் கையால் இணைத்த மேல்பக்கம் இருந்தது. ஒவ்வொரு துண்டும் ஒரு சாண் சதுரம். வரிசைக்கு ஆறு, எட்டு வரிசை. "முடிச்சுக் குடுங்க" என்று சொல்லி, 1,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டுப் போனார். நானும் வேறெதுவும் கேட்கவில்லை.

விரித்துப் பார்த்தேன். முதல் நாலு வரிசை அருமையான தையல். அதற்குப் பிறகு கோணத் தொடங்கியிருந்தது. கடைசி இரண்டு வரிசையில் ஒரு தையல் நீளம், ஒரு தையல் குட்டை. சில இடத்தில் ஊசி ஒரே ஓட்டையில் இரண்டு தடவை போய் வந்திருந்தது. துண்டுகள் ஒன்றோடொன்று சேராமல் பல்லிளித்தன.

இதை இப்படியே கொடுத்தால் என் பெயர் அல்லவா கெடும் என்று தோன்றியது. பிளேடை எடுத்தேன். கடைசி நாலு வரிசையையும் பிரித்தேன். துண்டுகளை அயர்ன் செய்து, ஓரம் வெட்டிச் சரி செய்து, மிஷினில் நூல் பிடித்த மாதிரி நேராக இணைத்தேன். அதற்கு மட்டும் மூன்று நாள். அந்த மூன்று நாளுக்குக் காசு வாங்கக் கூடாது என்றுகூட முடிவு செய்திருந்தேன். பெரிய உதவி செய்கிற நினைப்பு!

அந்த அம்மா வந்தார். விரித்துக் காட்டினேன். "ரொம்ப நல்லா இருக்கு" என்றார். கையால் தடவிக்கொண்டே வந்தார். நாலாவது வரிசை தாண்டியதும் கை நின்றது. திருப்பி மேலே போனது, மறுபடி கீழே வந்தது.

"இந்தப் பக்கம் அம்மா தையல் எங்கே?"

கோணலாக இருந்ததால் பிரித்துத் தைத்தேன் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அம்மாவுக்குக் கை நடுக்கம் வந்துருச்சு. ஸ்பூன் பிடிக்க முடியாது, நாங்கதான் ஊட்டிவிடுவோம். ஆனா ஊசியை மட்டும் விடலை. ஒரு நாளைக்கு ஒரு துண்டு. சில நாள் பாதித் துண்டு. கடைசி ரெண்டு வரிசையும் அவங்க போன வருஷம் தைச்சதுங்க."

எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. பிரித்த நூல் எங்கே என்று கேட்டார். எங்கே இருக்கும்? வெட்டிப் போட்ட ஓரத்தோடு சேர்த்துக் குப்பையில் கூட்டித் தள்ளி ஒரு வாரம் ஆகியிருந்தது.

அவர் சத்தம் போடவில்லை. பேசிய தொகையில் ஒரு ரூபாய் குறைக்காமல் கொடுத்தார். வேண்டாம் என்றேன், பாயின் மேல் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேனோ என்னவோ. அந்தப் பணத்தை மூன்று மாதம் தொடவில்லை. பிறகு மகளுக்கு காலேஜ் ஃபீஸ் கட்ட வேண்டி வந்தது, எடுத்துக் கட்டினேன். அதற்குப் பிறகு அவர் வரவேயில்லை.

அன்றிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறேன். யார் எதைக் கொண்டுவந்தாலும் துணியைத் தொடும் முன்னால் மூன்று கேள்வி கேட்பேன். இது யார் கட்டியது? யார் தைத்தது? இதில் எதைத் தொடக் கூடாது?

மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலானவர்கள் முதலில் முழிப்பார்கள். பிறகு யோசித்துச் சொல்வார்கள். "இந்த மஞ்சக் கறை இருக்கட்டும்." "இந்த ஒட்டுத் துணி அப்பச்சி வேட்டி, அதை மாத்திராதீங்க." ஒரு பையன், "இந்த ஓட்டை நான் சின்னப் பிள்ளையில ஊதுபத்தியால சுட்டது. ஆயா அடிச்சாங்க. அது இருக்கட்டும்" என்றான். அவன் வயது நாற்பதுக்கு மேல். சொல்லும்போது மட்டும் அஞ்சு வயதுப் பிள்ளை.

2022 டிசம்பர். பிள்ளையார் நோன்பு முடிந்து இரண்டு நாள் இருக்கும். கார்த்திகை தீபத்திலிருந்து 21-ம் நாள் நகரத்தார் வீடுகளில் வரும் நோன்பு அது. கோடி வேட்டியிலிருந்து எடுத்த 21 இழைகளைத் திரியாக்கி, மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் போட்டுக்கொள்வார்கள். 'இழை எடுத்துக்கொள்வது' என்று பெயர். எங்கிருந்தாலும் கூடி எடுத்துக்கொள்வார்கள். அந்த வருடம் அமெரிக்காவில், டல்லாஸில் இருக்கும் ஓர் ஆச்சி அதற்காகவே ஊருக்கு வந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும்.

"அக்கா, இதைப் பாருங்க" என்று ஒரு தலையணை உறைக்குள்ளிருந்து துணியை எடுத்தார். கண்டாங்கித் துண்டுகளால் இணைத்த மேல்பக்கம். அவருடைய ஆத்தா தைத்தது. முக்கால்வாசி முடிந்திருந்தது. கடைசியாகத் தைத்த வரிசையின் நடுவில் ஊசி அப்படியே குத்தி நின்றது. நூலும் கோத்தபடியே இருந்தது.

"மத்தியானம் தைச்சுக்கிட்டு இருந்தாங்களாம். காபி குடிச்சுட்டு வந்து தைக்கலாம்னு எந்திரிச்சுப் போனாங்களாம். அவ்வளவுதான். 2009-ல. நான் டல்லாஸ்லேர்ந்து வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு" என்றார்.

ஊசி 13 வருடமாக அந்தத் துணியில் இருந்திருக்கிறது. துருப்பிடித்து, சுற்றிலும் காபிக் கொட்டை நிறத்தில் ஒரு கறை.

அந்த ஆச்சிதான் என் வேலைக்கு ஒரு பெயர் இருப்பதைச் சொன்னார். 'லாங்ஆர்ம் குவில்ட்டர்' என்று பெயராம். அமெரிக்காவில் பெண்கள் பலர் மேல்பக்கத்தை மட்டும் வீட்டில் இணைத்துக்கொள்வார்கள். மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்க, அதற்கென்றே இருக்கிறவர்களிடம் கொடுத்துவிடுவார்கள். போனில் வீடியோ காட்டினார். 12 அடி நீளத்துக்கு ஓர் இரும்புச் சட்டம். மூன்று அடுக்கையும் தனித்தனி உருளையில் சுற்றி, பாவு மாதிரி இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். மிஷினின் கை இரண்டு அடி நீளம். அது தண்டவாளத்தில் ஓடுகிறது. நம் மிஷினில் மிஷின் நிற்கும், துணி நகரும். அதில் துணி நிற்கிறது, மிஷின் நகர்கிறது! நான் அன்றைக்கு இரண்டு நாள் பட்ட பாட்டுக்கு இதுதான் வழி என்று பார்த்த உடனே புரிந்தது.

"காசு எப்படி ஆச்சி வாங்குவாங்க?"

"சதுர அங்குலத்துக்கு ரெண்டு சென்ட், மூணு சென்ட்னு கணக்கு அக்கா."

மனதுக்குள் பெருக்கினேன். என் அளவுப் போர்வை 5,400 சதுர அங்குலம். இரண்டு சென்ட் என்றாலே 108 டாலர். அதை ஒரே நாளில் முடித்துவிடுவார்களாம். நான் 12 நாள் உட்கார்ந்து 6,000 ரூபாய் வாங்குகிறேன். கொஞ்சம் பெருமூச்சு வந்தது, மறைக்கவில்லை.

"அப்ப அங்கேயே குடுத்திருக்கலாமே ஆச்சி?"

"குடுத்தேன். அந்த அம்மா தொட்டுப் பார்த்துட்டு மாட்டேன்னுட்டாங்க. துணி இத்துப்போயிருக்கு, சட்டத்துல இழுத்துக் கட்டினா கிழிஞ்சுரும், கையாலதான் முடிக்கணும்னாங்க."

கடல் கடந்து இருக்கிற, முகம் தெரியாத அந்தப் பெண்ணின் மேல் எனக்கு மரியாதை வந்தது. காசு கொடுத்தாலும், முடியாததை முடியாது என்று சொல்லத் தெரிந்தவர்.

துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். பழைய கண்டாங்கியில் கறுப்புக் கட்டம்தான் முதலில் இத்துப்போகும். நான் பார்த்தவரை எப்போதும் அப்படித்தான். இதிலும் கறுப்பு வந்த இடங்களில் விரலால் அழுத்தினால் இழை விலகியது. ஆச்சிக்கு ஜனவரி 18-ம் தேதி விமானம். மகளுக்குப் பிப்ரவரியில் தலைப்பிரசவம். பிறக்கும் பிள்ளையை இதில்தான் கிடத்த வேண்டும் என்று ஆசை. இந்தத் துணி அதற்குத் தாங்குமா? தைக்கும்போதே கிழிந்துவிட்டால்? 2016 ஞாபகம் வந்தது. வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று நிஜமாகவே யோசித்தேன்.

"ஒரு நாள் டயம் குடுங்க ஆச்சி" என்றேன்.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஊசிதான் கண்ணுக்குள் நின்றது. நோட்டில் மூன்றாவது கேள்விக்கு அந்த ஆச்சி சொன்ன பதில், "ஊசியைத் தொடாதீங்க." ஆனால் ஊசி அங்கேயே இருந்தால் துரு பரவித் துணியைத் தின்றுவிடும். பிறக்கப்போகிற பிள்ளைக்கும் ஆகாது. எதைத் தொடக் கூடாது என்று கேட்பது சுலபம். அதைத் தொட்டே ஆக வேண்டிய நிலையில் என்ன செய்வது?

மறுநாள் காலையில் அவர்கள் வீட்டுக்கே போனேன். வளவில் உட்காரவைத்துக் காபி கொடுத்தார்கள்.

"ஆச்சி, ஊசியை எடுத்துத்தான் ஆகணும். ஆனா நூலை எடுக்க மாட்டேன். ஆத்தா விட்ட நூல் அந்த ஓட்டையிலேயே இருக்கட்டும். அதே ஓட்டையிலேர்ந்து நான் தொடங்குறேன். என் நூலு வேற கலராப் போடுறேன். ஆத்தா எதுவரைக்கும் தைச்சாங்க, நான் எங்கேர்ந்து தைச்சேன்னு பார்க்கிறவங்களுக்குத் தெரியணும். சம்மதமா?"

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. காபி ஆடை கட்டிவிட்டது. பிறகு, "ஊசியை மட்டும் நானே எடுக்கட்டுமா?" என்றார்.

அவரே எடுத்தார். துரு பிடித்துக்கொண்டதால் லேசில் வரவில்லை. நான் இரண்டு பக்கமும் துணியை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். மெல்லத் திருகித் திருகி எடுத்தார். ஊசியை ஒரு குங்குமச் சிமிழில் போட்டு மூடினார்.

அடுத்த 17 நாள் வேறு வேலை எதுவும் தொடவில்லை. இத்துப்போன கறுப்புக் கட்டங்களுக்கு அடியில் மெல்லிய மல் துணி வைத்துப் பொடித் தையலாகப் பிடித்தேன். ஓர் இடத்தில் அந்த ஆத்தா ஒரு துண்டை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி வைத்து இணைத்திருந்தார். நிறம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. கை பரபரத்தது. விட்டுவிட்டேன். அவர் தைத்தது அரக்கு நூல், நான் தைத்தது மஞ்சள் நூல். எங்கே அரக்கு முடிகிறதோ, அதே ஓட்டையில் மஞ்சள் தொடங்குகிறது.

பொங்கலுக்கு மறுநாள் வந்து வாங்கிக்கொண்டார். விரித்ததும் நிறத்தையோ கட்டத்தையோ பார்க்கவில்லை. நேராக அந்த இடத்துக்குத்தான் விரல் போனது. திருப்பி வைத்த துண்டையும் கண்டுபிடித்துவிட்டார். "ஆத்தாவுக்குக் கண்ணாடி மாத்தணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. நாந்தான் அடுத்த லீவுக்கு வந்து மாத்தலாம்னு சொன்னேன்" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார், கண் கலங்கியிருந்தது.

போவதற்கு முன்னால் அவர் இன்னொரு விஷயம் சொன்னார். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்று ஓர் ஊர். கறுப்பினப் பெண்கள் பழைய வேலைத் துணிகளைக் கொண்டு போர்வை தைக்கிற ஊர். 1942-ல் அங்கே மிசௌரி பெட்வே என்ற பெண், இறந்துபோன கணவரின் வேலைத் துணிகளை வெட்டி ஒரு போர்வை தைத்தார். அவர் நினைவாகவும் இருக்கட்டும், அன்போடு போர்த்திக்கொள்ளவும் ஆகட்டும் என்று. அந்த ஊர்ப் போர்வைகள் 2002-ல் நியூயார்க்கின் விட்னி மியூசியத்தில் சுவரில் ஓவியம் மாதிரித் தொங்கின. 2006-ல் அமெரிக்கத் தபால்தலையாகவும் வந்தன. அவற்றின் படத்தைக் காட்டினார். ஒரு கோடுகூட நேராக இல்லை! மியூசியத்துக்குப் போகும் முன்னால் அதை யாரும் 'சரி' செய்துவிடவில்லை என்பதுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது.

அதற்குப் பிறகு நானும் மகளும் போனில் தேடித் தேடிப் பார்த்தோம். வங்காளத்தில் காந்தா, மகாராஷ்டிராவில் கோதடி. கர்நாடகத்தில் சித்தி இனப் பெண்கள் தைக்கும் கவந்தி. அவர்கள் ஓரத்தில் தொடங்கி உள்ளே உள்ளே தைத்துக்கொண்டு போவார்களாம். நாலு மூலையிலும் துணியை மடித்துப் பூ மாதிரி வைத்துத் தைத்தால்தான் போர்வை முடிந்ததாக அர்த்தமாம். பழைய துணியைத் தூக்கிப் போட மனசில்லாத பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

படிக்கிறவர்களில் யாராவது வீட்டுப் பழஞ்சேலையில் போர்வை தைக்க நினைத்தால், எனக்குத் தெரிந்த சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். பருத்தியோடு பருத்தியைச் சேருங்கள். பட்டையும் நைலக்ஸையும் கலந்தால் ஒன்று இழுக்கும், ஒன்று சுருங்கும். புதுத்துணி ஏதாவது சேர்ப்பதாக இருந்தால் அதை முதலில் இரண்டு தடவை துவைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சேலையின் ஓரத்தையும் நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அதைத் தனியாக வையுங்கள். பெட்டியில் பல வருடம் கிடந்த சேலையை மடிப்பிலேயே பிடித்து இழுக்காதீர்கள், மடிப்பில்தான் முதலில் கிழியும். எல்லாவற்றையும்விட முக்கியம், ஒரு சின்னத் துணியில் யார் கட்டிய சேலை, யார் தைத்தது என்று எழுதிப் போர்வையின் உள்பக்கம் தைத்துவிடுங்கள். சொல்வதற்கு ஆள் இல்லாமல் போகும் நாளில் அந்தத் துணி சொல்லும்.

இதையெல்லாம் ஊருக்குச் சொல்கிற என் வீட்டில் ஒரு போர்வை முடியாமல் கிடக்கிறது. என் அம்மாவின் சுங்குடிச் சேலைகள். அம்மாவுக்கு மேலூர். மதுரைக்கு வந்துதான் சேலை எடுப்பார், அதுவும் சுங்குடி மட்டும்தான். 2015-ல் மேல்பக்கத்தை இணைத்து வைத்தேன். அடுத்தவர் வேலை முடியட்டும், நம்முடையதுதானே என்று தள்ளித் தள்ளிப் போனது. போன வருடம் வலது கண்ணில் புரை ஆபரேஷன். இப்போது பொடித் தையல் போட்டால் ஒரு மணி நேரத்தில் தலைவலி வந்துவிடுகிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு போர்வைதான் எடுக்கிறேன். என் வரிசையும் முன்னைப்போல நேராக இல்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம், நான் பிரித்துப் போட்ட அந்தக் கடைசி இரண்டு வரிசை ஞாபகத்துக்கு வரும்.

இந்தத் தீபாவளிக்கு மகள் வந்திருந்தாள். திருச்சியில் பேங்கில் வேலை. பள்ளத்தூர் சீதாலட்சுமி ஆச்சி காலேஜில் பி.காம் படித்தவள். கணக்கில் புலி, ஊசியைக் கண்டால் ஓடுவாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் எழுந்து, அலமாரியில் இருந்த சுங்குடியை எடுத்துவந்து, "எப்படிம்மா தைக்கணும், சொல்லிக் குடு" என்று உட்கார்ந்தாள். அம்மாயியின் சேலை என்று அவளுக்குத் தெரியும்.

சொல்லிக் கொடுத்தேன். இரண்டு மணி நேரத்தில் ஒரு வரிசை தைத்தாள். அங்குலத்துக்கு மூன்று தையல்கூட இல்லை. எறும்பு வழி தவறிப் போன மாதிரி மேலும் கீழுமாகப் போனது. நடுவில் விரலில் குத்திக்கொண்டு, வெள்ளைப் புள்ளிக்குப் பக்கத்தில் கடுகு அளவு ரத்தக்கறை வேறு.

"ரொம்பக் கோணலா இருக்குல்ல? நீ அப்புறம் பிரிச்சுத் தைச்சுரு" என்றாள்.

அவள் ஊருக்குப் போன பிறகு எடுத்து விரித்துப் பார்த்தேன். வரிசை முடியும் இடத்தில் முடிச்சுப் போட மறந்திருந்தாள். முடிச்சை மட்டும் நான் போட்டேன்.